கெட்டில் கிரில்லில் சூடு ஏற காற்று வழியை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் கெட்டில் கிரில் (அரைக்கோளச் சட்டியும் மூடியும் கொண்ட உருண்டைக் கரி அடுப்பு) வைத்து பிட்சா, நான் ரொட்டி, தந்தூரி சுடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நல்ல முயற்சி. ஆனால் சூடு போதாவிட்டால் இன்னும் கரியைக் கொட்டச் சொன்னதும், ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வைத்து ஊதச் சொன்னதும், உள்ளே கடப்பா கல் பதிக்கச் சொன்னதும் திருத்தப்பட வேண்டியவை. முதல் யோசனையால் சூடு ஏறாது. இரண்டாவது உடம்புக்குக் கெடுதல். மூன்றாவதில் கல் தெறித்தால் கண் போகும். படித்துவிட்டு யாராவது இந்த வாரமே செய்து பார்க்கக் கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இந்த உருண்டை அடுப்பின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1952-இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், ஏரியில் மிதக்கவிடும் இரும்பு மிதவைக்கான அரைக்கோளங்களை வைத்து இதைச் செய்தார். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் தீயைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டுவித்ததுதான் அவருக்குத் தொல்லை. ஆகவே மூடி போட்டு, கீழும் மேலும் சின்னத் துளை வைத்து, காற்றை அளந்து விடும்படி அமைத்தார். மூடியை மூடிவிட்டால் 120 முதல் 280 டிகிரி செல்சியஸ் வரை நிதானமாக வேகவைப்பதற்கான சட்டி இது. 400 டிகிரிக்கு மேல் வேண்டுமென்றால், அவர் அடக்கி வைத்த காற்றை நாம் திறந்துவிட வேண்டும்.

ஒரு கிலோ கரி முழுதாக எரிய ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்று தேவை. மணிக்கு மூன்று கிலோ எரித்தால் 27 கன மீட்டர். இவ்வளவும் கீழ்த்துளை வழியாக உள்ளே போய், புகையாக மேல்துளை வழியாக வெளியே வர வேண்டும். காற்று போக வழியில்லாத இடத்தில் ஐந்து கிலோ கரி கொட்டினாலும் எரிவது பழைய அளவுதான். அதைவிட மோசம், கரியின் அடுக்கு உயர உயர அதன் ஊடே காற்று ஏறுவதும் கடினமாகிறது. நிறையக் கரி போட்டும் சூடு இறங்கியது என்று பலர் சொல்வது இதனால்தான்.

பலரும் கீழே மட்டும் துளை போட்டுவிட்டு நிற்கிறார்கள். வெளியேறும் புகை 350 டிகிரியில் இருந்தால், உள்ளே போன காற்றின் கன அளவு அங்கே இரண்டு மடங்காகியிருக்கும். ஆகவே கீழ்வழியைவிட மேல்வழிதான் பெரிதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் கிரில்களில் பெரும்பாலும் இது தலைகீழ். எந்தப் பக்கம் அடைப்பு என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரி நன்றாகக் கனிந்த பிறகு மூடியைப் போட்டு, எல்லாத் துளைகளையும் முழுக்கத் திறந்துவிட்டு, மூடி விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பைச் சுற்றிப் புகை கசிந்தால் மேல்வழி போதவில்லை. விளிம்பில் கசிவே இல்லாமல் கரி மங்கிக் கிடந்தால் கீழே அடைப்பு. அநேகமாக அது சாம்பலாகத்தான் இருக்கும். துளையிடும் முன் சாம்பலை வாரிவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மேல்வழியைப் பெரிதாக்க நல்ல வழி புகைக்குழாய். மூடியில் 25 மி.மீ. துளை நான்கு இருந்தால் மொத்தம் 20 சதுர செ.மீ.தான். உள்விட்டம் 75 மி.மீ. உள்ள ஒரு குழாய் 44 சதுர செ.மீ. தரும். அதை 45 செ.மீ. உயரம் வைத்தால், கீழ்த்துளையிலிருந்து புகை வெளியேறும் இடம் வரையுள்ள உயரம் ஏறத்தாழ இரட்டிக்கும். உயரம் இரட்டித்தால் இழுவையும் இரட்டிக்கும், ஆனால் காற்றின் ஓட்டம் 1.4 மடங்குதான் கூடும். எனவே ஒரு ஆள் உயரத்துக்குக் குழாய் வைப்பதில் பயனில்லை. பாரத்தில் மூடிதான் சாயும். 18 கேஜ் கனமுள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்தால் போதும். மூடியில் துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன பிட்டில் தொடங்கி, ஹோல்சாவை (வட்டத் துளை வெட்டும் பிளேடு) மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். துளைக்குக் குறி போடும் சென்டர் பஞ்ச் அடிக்காதீர்கள். அடித்தால் மூடியின் எனாமல் பூச்சு கண்ணாடி போலச் சிதறும். வெட்டிய விளிம்பில் துருப் பிடிக்கும். வெளிப்பக்கம் மட்டும் சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் பெயின்ட் பூசுங்கள்.

அடுத்தது கரி உட்காரும் சல்லடை. கிரில்லோடு வரும் 5, 6 மி.மீ. கம்பிச் சல்லடை இந்தச் சூட்டில் நாலைந்து தடவையிலேயே தொய்ந்துவிடும். கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வார்ப்பிரும்பு கிரேட்டிங் வாங்கிப் போடலாம். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது விரிசல் விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் 12 மி.மீ. சதுரக் கம்பியை 10 மி.மீ. இடைவெளியில் அடுக்குங்கள். எல்லாக் கம்பியின் இரு முனைகளையும் வளையத்தோடு வெல்டு வைத்துவிடுவது வழக்கமான பிழை. 450 மி.மீ. நீளக் கம்பி 600 டிகிரி ஏறினால் 3 மி.மீ.க்கு மேல் நீளும். நீள இடமில்லாததால் வில்லாக வளையும், அல்லது வெல்டு விட்டுப்போகும். ஒரு முனையை மட்டும் வெல்டு வைத்து, மறுமுனையைக் கீழே ஒரு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) மீது சும்மா உட்கார விடுங்கள். சட்டிச் சுவருக்கும் சல்லடைக்கும் நடுவில் 5 மி.மீ. சந்தும் விடுங்கள்.

அந்தச் சல்லடையை உயர்த்தி வைப்பது செலவே இல்லாத மாற்றம். இறைச்சியை வாட்ட கரிக்கும் மேல் கம்பிக்கும் இடையே நான்கு விரல் இருந்தால் போதும், அதாவது 7, 8 செ.மீ. மூன்று ஃபயர் பிரிக்கை (சூடு தாங்கும் செங்கல்) கிடையாக வைத்து அதன் மேல் சல்லடையை ஏற்றினால், கீழே சாம்பல் விழவும் காற்று பரவவும் இடம் கிடைக்கும். சாதாரணச் செங்கல் இரண்டு மூன்று தடவையில் உதிர்ந்துவிடும். கனிந்த கரியின் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வருகிறது. ஒரு பரப்பு 300 டிகிரியிலிருந்து 450-க்கு ஏறினால், அது வீசும் வெப்பம் இரண்டரை மடங்காகும். சூடு கொஞ்சம் ஏறியதுமே நான் ரொட்டி கருகத் தொடங்குவது ஏன் என்பதற்கு இதுதான் விடை.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் காங்கேயம், வெள்ளக்கோவில், பொள்ளாச்சி வட்டாரங்களில் தேங்காய்த் தொட்டிக் கரி தாராளமாகக் கிடைக்கிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 7,000 கிலோ கலோரி, சாம்பல் குறைவு. சூட்டுக்கு அதை மிஞ்சுவது கடினம். ஆனால் அதன் வடிவமே அதற்கு எதிரி. மெல்லிய, வளைந்த சில்லுகள் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் அடுக்கியது போல் உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும். உடைந்த பொடியோ சல்லடை வழியே விழுந்து கீழ்த்துளையை மூடும். அடியில் முட்டை அளவு விறகுக்கரித் துண்டுகளைப் பரப்பி, மேலே பாதிக்குப் பாதி தொட்டிக் கரி போடுவதே சரியான சேர்க்கை. பொடியைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். தொட்டிக் கரிப் பொடியை மரவள்ளி மாவு போட்டுப் பிடித்த பிரிக்கெட் நெடுநேரம் ஒரே சீராக எரியும். நிதானமான சமையலுக்கு அது நல்லது. உச்சச் சூட்டுக்கு ஏற்றதல்ல. களிமண் கலந்த மலிவுச் சரக்கு என்றால் அரை மணியில் சாம்பல் மூடி மூச்சுத் திணறும். கரியாகாத பச்சைத் தொட்டியைத் தீயில் போடுவதும் வேண்டாம். புகையும் தாரும் எனாமலில் படிந்து, பிறகு சுரண்டினாலும் போகாது.

57 செ.மீ. சட்டிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கரி போதும். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். வாடை பண்டத்தில் ஏறும். 18 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் உள்ள தகட்டுக் குழாயில், அடியிலிருந்து 8 செ.மீ. மேலே கம்பி வலை வைத்து, கீழே சுற்றிலும் துளை போட்டுக்கொள்ளுங்கள். வலைக்கு அடியில் காய்ந்த பன்னாடையைத் திணித்துப் பற்றவைத்தால் 15, 20 நிமிடத்தில் மேல் கரி வரை சாம்பல் பூக்கும். அதைச் சட்டியில் கொட்டி, மீதிக் கரியை மேலே போடுங்கள்.

இனி ஊதும் விஷயம். ஊதுவதில் தவறில்லை. இஸ்திரிக் கடையிலும் கொல்லன் பட்டறையிலும் செய்வதுதான். ஆனால் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு இரண்டும் கிரில்லுக்குள் போகவே கூடாது. அவற்றின் மேல் பூச்சு துத்தநாகம். அது 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஊதப்பட்ட கரி 1,000 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை. ஜி.ஐ. தகட்டில் வெல்டு வைப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பூச்சு இல்லாத கருப்பு இரும்புப் பைப், ஒன்றரை அங்குலம், 75 செ.மீ. நீளம் வாங்குங்கள். உள்ளே போகும் முனையைத் தகடு வைத்து அடைத்து, சல்லடைக்குக் கீழே வரும் பகுதியில் 10 மி.மீ. துளை பன்னிரண்டு போடுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் சாம்பல் விழுந்து அடைக்கும். முனையைத் திறந்தே விட்டாலோ காற்று ஒரே இடத்தில் அடித்து, அங்கே மட்டும் சல்லடை உருகுமளவுக்கு வெந்து, மற்ற இடம் மங்கிக் கிடக்கும்.

பைப்பின் மறுமுனைக்குப் பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய விசிறி பொருந்தாது. திறந்த வெளியில் அது நன்றாக வீசும், ஆனால் கரி அடுக்கை ஊடுருவும் அழுத்தம் அதற்குக் கிடையாது. நத்தை ஓடு போன்ற உறை கொண்ட சின்ன பிளோயர்தான் வேண்டும். கையால் சுற்றும் பிளோயர் இன்னும் நல்லது. சுற்றுவதை நிறுத்தினால் தீ அடங்கும். மின் பிளோயர் என்றால் அதன் வாயில் நகர்த்தித் திறந்து மூடும் தகடு ஒன்று வைத்து, கால் பங்கு திறப்பில் தொடங்குங்கள். பைப் பிளோயரை நோக்கிச் சரிவாக இறங்கி, பிளோயர் சட்டியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் சூடான காற்று பைப் வழியே திரும்பி வந்து பிளோயரின் பிளாஸ்டிக்கை உருக்கும். ஊதும்போது மற்றக் கீழ்த்துளைகளை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊதும் காற்றோடு பொறியும் சாம்பலும் அவற்றின் வழியே காலடியில் கொட்டும்.

பிட்சாவுக்கு வேறு கணக்கு. அதற்கு அடியில் மட்டும் சூடு இருந்தால் பயனில்லை, மேலிருந்தும் இறங்க வேண்டும். சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் 16 கேஜ் எம்.எஸ். தகட்டில் 15 செ.மீ. உயர வளையம் செய்து, முன்பக்கம் 35 செ.மீ. அகலத்துக்கு வாய் வெட்டுங்கள். கரி முழுவதையும் பின்பாதியில் குவியுங்கள். மூடித் துளையைப் பாதிக்கு மேல் சாத்துங்கள். புகைக்குழாய் வைத்திருந்தால் அதன் வாயையும் அதே அளவு மூடுங்கள். முழுக்கத் திறந்திருந்தால் தீ நேராக மேலே போய்விடும், சாத்தினால் கூரையைத் தடவிக்கொண்டு முன்வாய் வழியே வெளியேறும், வழியில் பிட்சாவின் மேல்பக்கத்தை வேகவைக்கும். குவிந்த மூடி இதற்கு மிக உயரம். பிட்சா வேகும் கல்லுக்கு 10, 12 செ.மீ. மேலே 40 செ.மீ. விட்டத்தில் ஒரு இரும்புத் தகட்டை மூன்று போல்ட்டில் தொங்கவிட்டால் அதுவே தாழ்ந்த கூரையாகும். அலுமினியத் தாள் ஒட்டுவதைவிட இது பல மடங்கு மேல். தாளில் எண்ணெய்ப் புகை படிந்ததும் அதன் பளபளப்பு போய்விடும்.

கல்லாகக் கடப்பாவோ கிரானைட்டோ ஆற்றுக் கூழாங்கல்லோ கூடாது. அடுக்கடுக்கான கல்லில் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற இடமின்றி வெடிக்கும். கிரானைட்டில் உள்ள பல கனிமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரிவதால் சில்லு பெயரும். செராமிக் சூளையில் தட்டாக வைக்கும் கார்டியரைட் பலகை, 12 முதல் 15 மி.மீ. கனம், சரியான பொருள். அது கிடைக்காவிட்டால் கனமான பரோட்டாக் கல்லே போதும், ஆனால் 450 டிகிரிக்கு ஆசைப்படாதீர்கள். இரும்பு சூட்டைக் கல்லைவிட வேகமாக மாவுக்குத் தள்ளும். இரும்புக் கல் 270, 290 டிகிரியில் இருந்தாலே அடிப்பக்கம் நன்கு பொரியும். 400-இல் ஒரு நிமிடத்துக்குள் கரியாகிவிடும். கரிக்கு நேர் மேலே கல்லை வைக்கவும் கூடாது. கல்லின் பின்விளிம்புக்கும் கரிக்கும் இடையே மூன்று விரல் இடம் விடுங்கள்.

அளப்பதில் ஒரு எச்சரிக்கை. மூடியில் உள்ள முள் வெப்பமானி மூடிக்குப் பக்கத்துக் காற்றைத்தான் காட்டும், கல்லை அல்ல. உச்சச் சூட்டில் அது பழுதாகவும் செய்யும். கழற்றிவிட்டு அந்தத் துளையில் போல்ட் போடுங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி கல்லின் மேல் சரியாகக் காட்டும், பளபளக்கும் எவர்சில்வர் மேல் குறைத்துக் காட்டும். மலிவு மாடல்கள் பல 380 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால் வாங்கும்போதே உச்ச அளவைப் பாருங்கள். இருட்டில் இரும்பு மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சட்டியின் வெளிப்பக்கமே அப்படிச் சிவந்தால் உடனே கீழ்த்துளையைச் சாத்துங்கள். அலுமினியக் கால் பிடிப்பு, பிளாஸ்டிக் கைப்பிடி, சக்கரம் எல்லாம் அதற்கு முன்பே போயிருக்கும். கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவில் 20 மி.மீ. இரும்பு ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வைப்பது பத்து ரூபாய் வேலை.

மூடியைத் திறப்பதிலும் முறை உண்டு. துளைகளைச் சாத்தி அடக்கி வைத்த தீயில் எரியாத வாயு தேங்கியிருக்கும். சட்டென்று தூக்கினால் காற்றோடு சேர்ந்து முகத்தை நோக்கிக் குப்பென்று பற்றும். பிளோயரை நிறுத்தி, மேல்துளையைத் திறந்து, பத்து எண்ணி, உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கித் திறங்கள். முழங்கை வரை தோல் கையுறை போடுங்கள், நைலான் துணி உடுத்தாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் நிற்காமல் அடிக்கும். கீழ்த்துளையை மேற்கே பார்த்துத் திருப்பி வைத்தால் பிளோயரே தேவைப்படாது. ஆனால் அதே காற்று பொறியையும் கொண்டுபோகும். தோட்டத்துச் சாளையின் கீற்றுக் கூரை, சோளத்தட்டுப் போர், காய்ந்த மட்டைக் குவியல் எதுவும் காற்று போகும் திசையில் இருக்கக் கூடாது. அந்த மாதங்களில் புகைக்குழாய் மேல் கம்பி வலை கட்டாயம். மூடிய போர்டிகோவிலும் கார் ஷெட்டிலும் கிரில்லை வைக்காதீர்கள். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. மலை விடுதிகளில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்கள் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே செய்திகள் வந்திருக்கின்றன.

நாட்டுக்கோழிக்கு இந்தச் சூடு எதுவும் வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 160, 170 டிகிரியில் மூடி போட்டு வேகவைத்து, கடைசி மூன்று நிமிடம் மட்டும் கரிக்கு மேல் காட்டினால் போதும். நேரே 400-இல் போட்டால் தோல் கரியும், உள்ளே ரப்பர். பண்ணைக் கோழி டிக்கா, எலும்பில்லாத துண்டுகள், மீன், நான் ரொட்டி ஆகியவைதான் உச்சச் சூட்டுக்கு ஏற்றவை.

முடித்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள், எனாமல் பெயர்ந்துவிடும். மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் அடைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தானே அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். புகைக்குழாய்க்கும் ஒரு தகட்டு மூடி செய்துவைக்க வேண்டியது இதற்காகத்தான். சாம்பலுக்கு அடியில் மறுநாள் காலை வரை கங்கு இருக்கும். பிளாஸ்டிக் கூடையிலோ குப்பை மேட்டிலோ கொட்டாமல் மூடியுள்ள தகர வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, விறகுக்கரி, தொட்டிக்கரிச் சாம்பலைத் தென்னைக்குப் போடுங்கள். பிரிக்கெட் சாம்பலில் என்ன கலந்தார்கள் என்று தெரியாததால் அதைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தகட்டு வேலைப் பட்டறை வாசகர்கள்,
கணபதி, கோவை - 6.